மக்ரோனி கற்றுக்கொள்ளாதவர்கள்

ஏப்ரல் 14, ஞாயிறு

பெயின்ட் கம்பெனிக்காரர் எங்கள் பீரோ பட்டறைக்கு வருடா வருடம் ஒரு டைரி கொடுப்பார். முதலாளி கலியமூர்த்தி அண்ணன் அதை என் தலையில் கட்டிவிடுவார். போன வருட டைரியில் நான் எழுதியது இரண்டே வரி. இரண்டும் கேஸ் சிலிண்டர் பற்றி. இந்த வருடம் எழுத விஷயம் இருக்கிறது. வேதா குவைத்திலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டாள்.

அங்கே ஒரே வீட்டில் ஒன்பது வருடம் சமையலும் பிள்ளை பார்க்கிற வேலையும். போகும்போது எங்கள் இலக்கியாவுக்கு மூன்று வயது. இப்போது எட்டாவது போகப்போகிறாள். நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தாள், அவ்வளவுதான்.

காலையில் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, கடுகு எங்க இருக்கு?"

அவள் சம்பாதித்துக் கட்டிய வீடு. அவளுக்கே வழி சொல்ல வேண்டியிருக்கிறது.

"காப்பித்தூள் டப்பாவுல."

"அப்ப காப்பித்தூள்?"

"அது கடுகு டப்பாவுல."

சிரித்தாள். பண்ருட்டியில் வந்து இறங்கிய பிறகு இதுதான் முதல் சிரிப்பு. டப்பாக்களை மாற்றிவைக்கச் சொன்னாள். மாற்றினால் எனக்குக் குழம்பும் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

தினமும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு போன் வருகிறது. யூசுப். அவள் வளர்த்த பையன், எட்டு வயது. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து இவள் கையில். போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். எல்லாம் அரபியில். வேதா ஒரு குரலில் பேசுகிறாள். கொஞ்சலும் அதட்டலும் ஒன்றாகக் கலந்த குரல். நல்ல குரல். நான் கேட்டதில்லை.

இலக்கியாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கையில் புத்தகம், லீவு நாளில்.

ஏப்ரல் 20, சனி

இன்று அந்தப் பையன் தட்டோடு வந்தான். தட்டில் இருந்ததை ஸ்பூனால் குத்திக் குத்திக் காட்டி, உதட்டைப் பிதுக்கினான். இலக்கியா எட்டிப் பார்த்தாள்.

"அது என்னாம்மா?"

"மக்ரோனி. மேல சீஸ் போட்டு ஓவன்ல சுடுறது. மேடத்தோட அம்மா வீட்டுப் பக்குவம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான்தான் செய்வேன். இப்ப புதுசா வந்த பொண்ணுக்கு வரலயாம்."

"அவனுக்கு மட்டும்தான் செய்வியா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். வேதா கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இங்க ஓவன் இல்லயேடா" என்றாள்.

இதுதான் சமயம் என்று நான் நடுவில் குதித்தேன். "ஓவன்தான? எங்க பட்டறையில எவ்ளோ பெருசு இருக்கு!"

ஏப்ரல் 21, ஞாயிறு

பட்டறையில் இருப்பது பீரோவுக்குப் பவுடர் பெயின்ட் அடித்துச் சுடுகிற ஓவன். நூற்றுத் தொண்ணூறு டிகிரி, இருபது நிமிடம். மக்ரோனிக்கும் ஏறக்குறைய அதேதான் என்று வேதா சொன்னதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. படித்தவர்கள் யோசிக்காத யோசனை.

ஞாயிறு என்பதால் ஆள் இல்லை. அவள் அலுமினியத் தட்டில் அழகாக அடுக்கிக் கொடுத்ததை சைக்கிளில் கொண்டுபோய் உள்ளே வைத்தேன். மேல்பக்கம் பொன்னிறமாக வந்தது. வாசனைதான் பெயின்ட் வாசனை. முந்தாநாள் நாலு பீரோ சுட்ட ஓவன். அதை நான் நினைத்திருக்க வேண்டும்.

வேதா ஒரு தடவை மோந்து பார்த்தாள். "யாரும் வாயில வைக்காதீங்க" என்று சொல்லிக் குப்பையில் கொட்டினாள். தெரு நாய் வந்தது. மோந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

"அப்பா, என்ன கலர்ப்பா சுட்ட? ஐவரியா, நீலமா?" என்று பிள்ளை சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தது. வேதாவும் அவளும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரு தட்டு மக்ரோனி போனால் போகட்டும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஒரு வாரம் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, பெயின்ட் படாத தகட்டில் சின்னதாக ஒரு ஓவன் செய்தேன். கேஸ் அடுப்பு மேலே உட்காரும்படி. எனக்குத் தெரிந்த வேலை பீரோ வேலை. அதனால் அதற்கும் பீரோ கைப்பிடி, பீரோ கீல். பழக்கதோஷத்தில் பூட்டு ஓட்டையும் போட்டுவிட்டேன். கலியமூர்த்தி அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னாடா தணி, மக்ரோனிய லாக்கர்ல வைக்கப் போறியா?" என்றார்.

வேதா செய்தாள். வெண்ணெயில் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டி, வெள்ளையாக ஒரு குழம்பு. அதில் சீஸ், மிளகு. காய்ந்த எலுமிச்சையைப் பொடித்து ஒரு சிட்டிகை. அதுதான் அந்த வீட்டுப் பக்குவமாம், அங்கிருந்து கொண்டுவந்திருக்கிறாள். வெந்த மக்ரோனியை அதில் புரட்டி, மேலே ரஸ்க் தூள், இன்னும் சீஸ். பிறகு என் பீரோவுக்குள்ளே.

எழுத வராது எனக்கு. நன்றாக இருந்தது. இலக்கியா மூன்று தடவை போட்டுக்கொண்டாள். வேதா சாப்பிடவில்லை. இலக்கியா சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 3, வெள்ளி

அந்த மேடம் பேசினார். வேதா மாடிப்படியில் நின்று வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

"யூசுப் சாப்பிடவே மாட்டேங்குறானாம். ராத்திரியில எழுந்து என் ரூமுல போய்ப் படுத்துக்குறானாம். இன்னும் ஒரு ரெண்டு வருஷம் வந்துட்டுப் போன்னு கேக்குறாங்க."

"நீ என்னா சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

"யோசி" என்றேன்.

ஒரு புருஷன் அந்த இடத்தில் என்னென்னவோ சொல்லலாம். நான் யோசி என்றேன், பரீட்சை ஹாலில் வாத்தியார் சொல்கிற மாதிரி. பிறகு குடத்தில் தண்ணீர் பிடிக்கப் போனேன். குடம் நிறைந்துதான் இருந்தது.

மே 5, ஞாயிறு

"இலக்கியா, இன்னைக்கு நீ செய். நான் பக்கத்துல நின்னு சொல்றேன். கத்துக்கிட்டா எப்ப வேணா நீயே செஞ்சு சாப்பிடலாம்ல" என்றாள் வேதா.

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கரண்டியை வாங்கிக்கொண்டது.

வெள்ளைக் குழம்பு கட்டி தட்டிவிட்டது. கோலிக்குண்டு கோலிக்குண்டாக. வேதா பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

எனக்கு ஆச்சரியம். போன தடவை லீவில் வந்தபோது வேதா இவளுக்கு ரெட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொடுத்தாள். ஒரே சாயங்காலத்தில் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அம்மாவை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு அந்தப் பின்னலோடுதான் வந்தாள். அவ்வளவு சூட்டிகையான பிள்ளைக்கு மாவு கரைக்க வரவில்லை என்றால் அது என் பக்கத்து ரத்தம். பத்தாவதில் கணக்கைத் தவறவிட்ட ரத்தம்.

மே 12, ஞாயிறு

இன்று கட்டி இல்லை. அடி பிடித்துவிட்டது.

மே 15, புதன்

மேடம் டிக்கெட் எடுத்து போனில் அனுப்பிவிட்டார். ஜூன் இருபத்தைந்து, சென்னையிலிருந்து. வேண்டாம் என்றால் ரத்து செய்துகொள்ளலாமாம். நல்ல மனுஷிதான். நல்ல மனுஷியாக இருப்பதால்தான் தொல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"என்னா முடிவு?" என்று கேட்டேன். முதுகைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டேன்.

"தெரியலங்க. இங்க இருந்தா அவன் ஞாபகமா இருக்கு. அங்க இருந்தப்ப இவ ஞாபகமாவே இருந்துச்சு." பிறகு, "இவளுக்கு இந்த ஒண்ணாவது என் கையால கத்துக்குடுத்துடறேன். வந்துடுச்சுன்னா நிம்மதியாக் கெளம்பலாம். அதுவரைக்கும் எதையும் நெனைக்கல" என்றாள்.

தலையாட்டினேன். எதற்கென்று தெரியவில்லை.

மே 16, வியாழன்

பட்டறையில் கலியமூர்த்தி அண்ணன் கேட்டார். "பொண்டாட்டிகிட்ட 'போவாத'ன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?"

"அண்ணே, நான் உக்கார்ற நாற்காலி அவ வாங்கினது. அதுல உக்காந்துக்கிட்டு எப்படிண்ணே சொல்றது?"

"நின்னுக்கிட்டு சொல்லு."

நல்ல யோசனை. வீட்டுக்கு வந்து நின்றேன். "என்னாங்க நிக்கிறீங்க, உக்காருங்க" என்றாள் வேதா. உட்கார்ந்துவிட்டேன்.

மே 19, ஞாயிறு

உப்புக்குப் பதில் சர்க்கரை. சீஸ் பாயசம். வேதா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "உனக்கு என்னாடி ஆச்சு? கவனிச்சு செய்ய மாட்டியா?"

"வரலம்மா. நான் என்ன பண்றது?" என்றாள் இலக்கியா. முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நான் முழுத் தட்டையும் சாப்பிட்டேன். ஒருவராவது தைரியம் சொல்ல வேண்டும்.

மே 29, புதன்

மத்தியானம் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். வேதா ரேஷன் கடையில். அடுப்படியில் இலக்கியா மட்டும். நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

வெள்ளைக் குழம்பு செய்துகொண்டிருந்தாள். ஒரு கை பாலை ஊற்ற, ஒரு கை கிண்ட, மணிக்கட்டு வேதாவின் மணிக்கட்டு மாதிரியே சுழன்றது. பட்டுத் துணி போல இருந்தது குழம்பு. கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு போட்டுப் பார்த்தாள், அவள் அம்மா பார்க்கிற மாதிரியே. கொஞ்சம் எடுத்து நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

பிறகு மைதா டப்பாவைத் திறந்து, இரண்டு கரண்டி காய்ந்த மாவை அள்ளி அதில் கொட்டி, ஒரு கிண்டு கிண்டிப் பார்த்தாள். கட்டி கட்டியாக மிதந்தது. எத்தனை கரண்டி போட்டால் எவ்வளவு கட்டி வரும் என்று பழகிக்கொண்டிருக்கிறாள்.

நான் சத்தமில்லாமல் வெளியே போய், செருப்பை உதறி, ஒரு இருமல் இருமிவிட்டு உள்ளே வந்தேன்.

"என்னாம்மா, தனியா பழகறியா?"

"ஆமாப்பா. வரவே மாட்டேங்குது."

"வரும் வரும்" என்றேன். கண்ணாடியை எடுக்காமலே திரும்பிப் போனேன். சாயங்காலம் வரை குத்துமதிப்பாக வெல்டிங் செய்தேன்.

மே 31, வெள்ளி

வருகிற வழியில் இரண்டு கிலோ மைதா வாங்கிவந்தேன்.

"எதுக்குங்க இவ்ளோ?" என்றாள் வேதா.

"பிள்ள பழகுதுல்ல" என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

கட்டி. அருமையான கட்டி.

வேதா கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லையில் போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன். "எனக்கு சொல்லிக்குடுக்கத் தெரியலயா? ஒன்பது வருஷமா பக்கத்துல இல்லாதவ சொன்னா ஏறாதோ?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது செய்திருப்பேன், தண்ணீராவது கொண்டுவந்திருப்பேன்.

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால், பிள்ளைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இவள் தன்னைத்தானே குத்திக்கொள்கிறாள். எந்தப் பக்கம் திருகினாலும் கழன்று விழுகிற திருகாணி. "வெயிலா இருக்கு, உள்ள வா" என்றேன். அதுதான் என்னால் முடிந்தது.

ஜூன் 9, ஞாயிறு

வேதா குளிக்கும்போது போன் அடித்தது. இலக்கியா எடுத்துவிட்டாள். யூசுப். இவளைப் பார்த்ததும் அவன் கொஞ்சம் முழித்தான். கன்னம் ஒட்டிப்போய் இருந்தான். போன மாதம் இப்படி இல்லை.

"வேதா?" என்றான்.

"குளிக்கறாங்க" என்று தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள் இலக்கியா. அவன் புரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இவளும் வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பேச ஒரு மொழியும் கிடையாது இரண்டுக்கும். கடைசியில் இவள் எழுந்துபோய், இன்று கெட்டுப்போன மக்ரோனித் தட்டைக் கொண்டுவந்து போனுக்குக் காட்டினாள். அவன் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தட்டைப் பார்த்தே.

இலக்கியா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்த ஒரே அரபு வார்த்தை சலாம். சொன்னேன். பதிலுக்கு அவனும் சொன்னான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

எட்டு வயதுப் பையன்மேல் எப்படிப் பொறாமைப்படுவது? பட்டேன். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

ஜூன் 16, ஞாயிறு

மக்ரோனி செய்யவில்லை. இலக்கியா வேண்டாம் என்றுவிட்டாள்.

வேதா பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். நான் அதன் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. சும்மா இருக்கத் தெரியாதவன்.

ஜூன் 23, ஞாயிறு

காலையிலேயே இலக்கியா அடுப்படிக்குப் போய்விட்டாள். "அம்மா, நீ வராத. நானே செய்றேன்."

வேதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உதவிக்கு என்று போய் நின்றேன். பிள்ளை அளந்து போட்டது, வறுத்தது, ஊற்றியது. நான் அந்த இரண்டு கரண்டி மாவுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. டப்பாவை நானாகவே அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை மூடி, மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்ப்பா, நீ அன்னைக்குப் பாத்துட்டன்னு. செருப்ப உதறுன சத்தம் ஓவரா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இன்னைக்கு..."

"அவன் சாப்பிடவே மாட்டேங்குறான்ப்பா. பாத்தல்ல? எனக்கு நீயாவது இருந்த. கடுகுக்கும் காப்பித்தூளுக்கும் வித்தியாசம் தெரியலனாலும் இருந்தல்ல." குழம்பில் மக்ரோனியைப் புரட்டினாள். "அம்மா போயிட்டு வரட்டும்."

சொல்லிவிட்டு ரஸ்க் எடுக்கத் திரும்பினாள்.

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். உப்பு ஜாடியில் கையை விட்டேன். ஒரு பிடி. போட்டுக் கிண்டிவிட்டேன். நாற்பத்தைந்து வயது எனக்கு.

பிள்ளை திரும்பிப் பார்த்தது. என் விரலில் உப்பு ஒட்டியிருந்தது. "அப்பா!" என்றது. என்ன நினைத்ததோ, மேலே சீஸைத் தூவி பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டது.

பார்க்க அத்தனை அழகு. ஓரம் முறுமுறு என்று, நடுவில் கொப்புளம் கொப்புளமாக. வேதா முகம் மலர்ந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். ஸ்பூனால் நடுவில் பிரித்து, குழம்பு எப்படி இழைந்திருக்கிறது என்று பார்த்தாள். பிறகு இலக்கியாவைப் பார்த்தாள். பிறகு என்னை. என் கையை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இவளுக்கு நல்லாவே வந்துடுச்சு" என்றாள்.

இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இது இன்னைக்கு வந்ததில்ல. ரொம்ப நாளாவே வருது. அப்படித்தான?"

"ம்" என்றாள் பிள்ளை.

வேதா ஸ்பூனைக் கீழே வைத்தாள். "உப்பு யாரு?"

நின்றுகொண்டுதான் இருந்தேன். கலியமூர்த்தி அண்ணன் சொன்ன மாதிரி. ஆனால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது.

"எனக்குக் கத்துக்குடு வேதா. எனக்கு இன்னும் வரல."

"என்னாது?"

"மக்ரோனி. ஆனா எனக்கு சட்டுன்னு ஏறாது. மெதுவாத்தான் கத்துக்குவேன். வருஷக்கணக்காவும்."

அவள் அந்த உப்புத் துண்டை முழுதாகத் தின்று முடித்தாள். தண்ணீர் குடித்துக் குடித்து. தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள், கழுவினாள், வெகுநேரம்.

ஜூன் 24, திங்கள்

வண்டி சொல்லவா என்று நான் கேட்கவில்லை. பெட்டி கூடத்தில் இருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்ல வேண்டுமா என்று கேட்க வீட்டுக்கு வந்தேன். வழியில் நாலு இடத்தில் நின்றேன். வேதா இலக்கியாவின் ஸ்கூல் பாவாடைக்கு விளிம்பு பிரித்து நீளமாக்கிக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல்.

"வண்டி..." என்றேன்.

"காலையில மேடத்துக்குப் பேசிட்டேன். வீட்டுல ஒரு ஆளுக்கு சமையல் கத்துக்குடுக்கணும், நேரமாவும்னு சொன்னேன்."

"அவங்க என்னா சொன்னாங்க?"

"அழுதாங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நானும்தான்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதது எனக்காக இல்லை என்று தெரியும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். கண்ணாடி போடாமல் கோக்க நாலு தடவை ஆனது.

ஜூன் 30, ஞாயிறு

முதல் வகுப்பு. போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் யூசுப்பும் அந்த வீட்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்த பெண்ணும், அவர்கள் அடுப்படியில். இந்தப் பக்கம் நாங்கள். நானும் அந்தப் பெண்ணும் மாணவர்கள். வேதா அவளுக்கு அரபியிலும் எனக்குத் தமிழிலுமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குச் சொன்னதில் அதட்டல் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

"பால ஒரேயடியா ஊத்தாதீங்கன்னு சொன்னேன்ல!"

"அப்பா, கிண்டுப்பா, கிண்டு! பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி தடவாத!" இது இலக்கியா.

யூசுப் போன் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து என் சட்டியை உற்றுப் பார்த்தான். என்னவோ சொன்னான். வேதா சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். சொல்லவில்லை. அவர்கள் சட்டியில் வந்ததை அவன் சாப்பிட்டானா என்பதும் தெரியாது. அதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி போட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. வேதா போனையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து என் கரண்டியை வாங்கி, சட்டிக்குள் பார்த்தாள்.

கட்டி தட்டியிருந்தது. இன்றைக்கு அது தானாகத்தான் தட்டியது. சத்தியமாக.